முகப்பூச்சு, பொட்டு, தலைச்சாயம்: அன்றாட அழகுப் பொருள்களில் உள்ள தீங்கான வேதிப்பொருள்கள்

சுருக்கமாக

• குறுகிய நாள்களில் நிறத்தை மாற்றுவதாகக் கூறி விற்கப்படும் பெயர் தெரியாத முகப்பூச்சுகளில் பாதரசமோ வீரியமிக்க ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.
• முகத்திலும் காலிலும் வீக்கம், நுரைத்து வெளியேறும் சிறுநீர் ஆகியவை இருந்தால் க்ரீமை அன்றே நிறுத்திவிட்டு, சிறுநீரில் புரதம் உள்ளதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். இப்பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம்.
• ஒட்டுப்பொட்டின் பசை, குங்குமம், கண்மை, தலைச்சாயம், கருப்பு மருதாணிக் கோன் ஆகியவற்றாலும் பாதிப்பு வரக்கூடும். பெரும்பாலான பாதிப்புகளைத் தவிர்க்க முடியும்.
• பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் இருப்போர், தாம் கையாளும் வேதிப்பொருள்களையும் பயன்படுத்தும் அழகுப் பொருள்களையும் சேர்த்தே மருத்துவரிடம் கூற வேண்டும்.
• சிகிச்சைக்கு வரும்போது க்ரீம் டப்பாவையும் அதன் அட்டைப் பெட்டியையும் தவறாமல் எடுத்து வாருங்கள்.

இதை ஏன் அறிந்துகொள்ள வேண்டும்?

"வேறு ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று மருத்துவர் கேட்கும்போது, முகத்தில் பூசும் க்ரீமைப் பற்றி எவரும் கூறுவதில்லை. அது மருந்து என்று அவர்கள் கருதாததே காரணம். சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இக்கேள்விக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே 'மருந்து' என்றால் பட்டாசில் செலுத்தும் கலவை என்றும் பொருள். ஆகவே, நீங்கள் உடலில் பூசுவது, தடவுவது, ஒட்டுவது, கையால் தொட்டு வேலை செய்வது அனைத்தையும் மருத்துவரிடம் தாமாகவே முன்வந்து கூறுவது நல்லது.

தோல் எதையும் உள்ளே விடாத சுவர் என்று எண்ண வேண்டாம். சில வேதிப்பொருள்கள் தோல் வழியாக இரத்தத்தில் கலக்கும். வெடிப்பு, புண், சிராய்ப்பு உள்ள தோலில் இது மேலும் எளிதாக நடைபெறும். அழகுப் பொருள்கள் நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தப்படுவதால், சிறு அளவும் சேர்ந்து பெரிதாகிறது.

எல்லா அழகுப் பொருள்களும் தீங்கானவை என்று அஞ்சத் தேவையில்லை. உரிமம் பெற்று, விதிகளின்படி தயாரிக்கப்பட்ட சோப்பு, எண்ணெய், ஈரப்பதம் தரும் க்ரீம் போன்றவற்றைப் பெரும்பாலோர் எவ்விதப் பாதிப்புமின்றிப் பயன்படுத்துகின்றனர். எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் எவை என்பதையே இப்பக்கம் விளக்குகிறது.

1. பாதரசம் கலந்த சிவப்பழகு க்ரீம்கள்

கோட்டக்கல்லில் கண்டறியப்பட்டது

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் உள்ள கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் சஜீஷ் சிவதாஸ், ரஞ்சித் நாராயணன் ஆகியோர், சிறுநீரில் புரதம் பெருமளவில் வெளியேறும் ஒரு நோய் வழக்கத்தைவிட அதிகமாக வருவதைக் கவனித்தனர். 'மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி' என்பது அந்நோயின் பெயர். சிறுநீரகத்தில் இரத்தத்தை வடிகட்டும் மெல்லிய சவ்வு பாதிக்கப்படுவதால் இது உண்டாகிறது.

2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இந்நோயுடன் வந்தவர்கள் 22 பேர். அவர்களுள் 15 பேரின் சிறுநீரகத் திசுவில் 'நெல்-1' என்ற அரிதான புரதம் காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர், நோய் தொடங்குவதற்கு முன் சிவப்பழகு க்ரீம் பயன்படுத்தியதாகத் தெரிவித்தனர். பெரும்பாலோருக்கு க்ரீமை நிறுத்திய பின் நோய் தணிந்தது. ஒருவருக்கு மூளையின் சிரையில் இரத்தம் உறைந்தது. சிறுநீரில் புரதம் மிகுதியாக வெளியேறும்போது இரத்தம் உறையும் தன்மை கூடுவதால் இத்தகைய ஆபத்து நேர்கிறது.

2023-இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தி, உரிமமும் உரிய விவரங்களும் இல்லாத அழகுப் பொருள்களைப் பறிமுதல் செய்தது.

இது புதிய செய்தியும் அன்று. கென்யத் தலைநகர் நைரோபியில் இதே வகைச் சிறுநீரகப் பாதிப்புடன் வந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பாதரச க்ரீம் பூசியவர்கள் என்பது 1972-லேயே மருத்துவ இதழில் வெளியானது. நம் மாநில மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், நெல்-1 வகை நோய்க்கும் பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளுக்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினர். எனவே முறையான மேற்பார்வையின்றி உட்கொள்ளும் பற்பம், செந்தூரம் போன்றவற்றையும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பாதரசம் ஏன் சேர்க்கப்படுகிறது?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அது உருவாகத் தேவையான நொதியைப் பாதரச உப்புகள் தடுக்கின்றன. அதனால் சில வாரங்களில் தோல் வெளுத்ததுபோல் தோன்றும். பாதரசம் விலை மலிவானது; விரைந்து பலன் காட்டுவது. தரம் பேணாத தயாரிப்பாளர்கள் அதைச் சேர்ப்பதற்கு இவையே காரணங்கள்.

க்ரீமை நிறுத்தினால் தோல் மெல்லத் தன் பழைய நிறத்துக்குத் திரும்பும். ஆனால் உடலுக்குள் சென்ற பாதரசம் சிறுநீரகத்தில் தேங்கும். அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகும். நாள்தோறும் பூசுபவரின் உடலில் வெளியேறுவதைவிடச் சேர்வதே மிகுதி.

அறிகுறிகள்

• காலையில் கண்ணைச் சுற்றியும் முகத்திலும் வீக்கம். மாலையில் கணுக்காலில் வீக்கம்
• சிறுநீர் நுரைத்து வெளியேறுதல். அந்த நுரை எளிதில் அடங்காமல் இருத்தல்
• சில நாள்களிலேயே உடல் எடை கூடுதல்
• கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமற்ற எரிச்சல், மறதி, கை கால்களில் மதமதப்பு
• உயர் இரத்த அழுத்தம்
• க்ரீம் பூசிய இடத்தில் தடிப்பு, சாம்பல் நிறத் திட்டுகள்

இவ்வறிகுறிகள் வேறு நோய்களிலும் வரும். 'வேலைக் களைப்பு', 'நின்றுகொண்டே வேலை செய்வதால் கால் வீக்கம்' என்று தள்ளிப்போடுவதால் பலர் தாமதமாக வருகின்றனர். இரு கால்களிலும் வீக்கம் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தால் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஆபத்து உண்டா?

உண்டு. க்ரீமிலிருந்து பாதரசம் ஆவியாகி வீட்டுக் காற்றில் கலக்கும். துண்டு, தலையணை உறை, விரல்கள் வழியாகவும் பரவும். தாயின் கன்னத்தில் முகம் பதிக்கும் குழந்தைக்கும் அது சென்று சேரும். குழந்தைகளுக்குக் கை கால்கள் சிவந்து வலித்தல், மிகுந்த வியர்வை, சோர்வு, எரிச்சல், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை தோன்றலாம். கருவுற்றிருக்கும் தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் இத்தகைய க்ரீம்களை அறவே தவிர்க்க வேண்டும்.

பரிசோதனையும் சிகிச்சையும்

முதலில் செய்யப்படுவது சிறுநீரில் புரதம் உள்ளதா என்று பட்டை தோய்த்துப் பார்க்கும் எளிய பரிசோதனை. புரதம் இருந்தால், இரத்தத்தில் அல்புமின், கிரியாட்டினின், கொழுப்பு ஆகியவற்றின் அளவும், ஒரு நாளில் வெளியேறும் புரதத்தின் அளவும் கணக்கிடப்படும். தேவையெனில் சிறுநீரகத்திலிருந்து மிகச் சிறிய திசு எடுத்துச் சோதிக்கப்படும். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாதரச அளவைக் காணும் வசதி சில ஆய்வகங்களில் மட்டுமே உண்டு. அந்த முடிவு வரும்வரை காத்திராமல் க்ரீமை உடனே நிறுத்திவிட வேண்டும்.

சிகிச்சையின் முதற்படி க்ரீமை நிறுத்துவதே. வீக்கத்தைக் குறைக்கவும், புரத இழப்பைக் கட்டுப்படுத்தவும், இரத்தம் உறைவதைத் தடுக்கவும் தேவைக்கேற்ப மருந்துகள் தரப்படும். குணமடையச் சில மாதங்கள் ஆகலாம். வீக்கம் வடிந்துவிட்டது என்று நீங்களாகவே மருந்தை நிறுத்த வேண்டாம். பாதரசத்தை வெளியேற்றும் சிறப்பு மருந்து யாருக்குத் தேவை என்பதைச் சிறுநீரக மருத்துவரே முடிவு செய்வார். 'நச்சு நீக்கும்' கஷாயம், பொடி என விற்கப்படுபவற்றை இடையில் எடுத்துக்கொள்வது சிறுநீரகத்துக்கு மேலும் சுமையாகும்.

சட்டம் என்ன கூறுகிறது?

இந்தியாவின் அழகுப் பொருள் விதிகள், 2020-இன்படி, கண் பகுதிக்கான பொருள்களில் பாதரசம் 70 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது. மற்றப் பொருள்களில் எண்ணாமல் சேர்ந்துவிடும் அளவுகூட 1 பிபிஎம்முக்கு மிகக் கூடாது. 1 பிபிஎம் என்பது ஒரு கிலோ க்ரீமில் ஒரு மில்லிகிராம். சட்டவிரோதமாக விற்கப்படும் க்ரீம்களில் இதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு பாதரசம் பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருள்கள் அனைத்தையும் 2025-க்குள் ஒழிப்பதென்று அதன் உறுப்பு நாடுகள் 2023-இல் முடிவு செய்தன.

ஐயத்துக்குரிய க்ரீமை அடையாளம் காண்பது எவ்வாறு?

பாதரசத்தைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ கண்டறிய இயலாது. பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலும் அப்பொருளைத் தவிர்த்துவிடுங்கள்.

• தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் இவற்றுள் ஒன்றேனும் இல்லாமை
• வெளிநாட்டுப் பொருளாயின், இறக்குமதிப் பதிவு எண்ணும் இந்திய இறக்குமதியாளரின் முகவரியும் இல்லாமை
• உட்பொருள் பட்டியலில் மெர்க்குரி, மெர்க்குரஸ் குளோரைடு, கலோமல், மெர்க்குரிக் அயோடைடு, அமோனியேட்டட் மெர்க்குரி ஆகிய பெயர்களுள் ஒன்று இருத்தல்
• 'தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்க' என்ற குறிப்பு இருத்தல். பாதரசம் உலோகங்களுடன் வினைபுரிவதே இக்குறிப்புக்குக் காரணம்.
• 'ஏழு நாளில் சிவப்பு' என்பது போன்ற உறுதிமொழி
• பெயரில்லாத டப்பாவில் அழகு நிலையத்திலோ தெரிந்தவர் வழியாகவோ சமூக ஊடகம் வழியாகவோ கிடைத்த 'கலவை க்ரீம்'

2. ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள்

மங்கு, முகப்பரு, படர்தாமரை ஆகியவற்றுக்கு மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் க்ரீம்கள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் உள்ளன. மருத்துவர் குறித்த இடத்தில், குறித்த நாள்கள் மட்டும் பூசினால் இவை பயனுள்ள மருந்துகள். மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலியும், இரத்த நாளங்கள் சிவந்து வெளியே தெரியும், பரு பெருகும், பெண்களுக்கும் முகத்தில் முடி வளரும், வெயிலில் எரிச்சல் தாங்க முடியாததாகும். படர்தாமரை சில நாள் அடங்கியதுபோல் தோன்றிப் பின்னர் உடலெங்கும் பரவும்.

க்ரீமை நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். 'பூசினால்தான் சரியாகிறது' என்று பலர் மீண்டும் தொடங்கிவிடுகின்றனர். அந்த எரிச்சல் க்ரீமினால் விளைந்த பாதிப்பின் ஒரு பகுதியே. தோல் மருத்துவரை அணுகினால், க்ரீமிலிருந்து படிப்படியாக விடுபடும் வழியையும் இடைக்கால மருந்துகளையும் தருவார். 2018-இல் மத்திய அரசு 14 வகைப் பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் கடைக்காரர் நீட்டும் க்ரீமை வாங்க மறுப்பது உங்கள் உரிமை.

3. ஒட்டுப்பொட்டு, குங்குமம், கண்மை

ஒட்டுப்பொட்டு

சில ஒட்டுப்பொட்டுகளின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற வேதிப்பொருள் உள்ளது. இது நிறமி உருவாக்கும் செல்களை அழிக்கக்கூடியது. முதலில் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்பும் சிவப்பும் தோன்றும். பின்னர் பொட்டின் வடிவத்திலேயே தோல் வெளுக்கும். அரிப்பு ஏதுமின்றி நேரடியாக வெளுப்பதும் உண்டு. சிலருக்கு வெண்திட்டு பிற இடங்களிலும் பரவலாம்.

இது தொற்றுநோய் அன்று. தொழுநோயும் அன்று, தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறைந்திருக்கும், இதில் தொடு உணர்ச்சி மாறாமல் இருக்கும். ஐயமிருந்தால் மருத்துவர் ஒரு நிமிடத்தில் சோதித்துக் கூறுவார். அரிப்பு தொடங்கியவுடனே ஒட்டுப்பொட்டை விட்டுவிடுங்கள். தொடக்கத்திலேயே நிறுத்திச் சிகிச்சை பெற்றால் நிறம் திரும்பும் வாய்ப்பு மிகுதி. வெண்திட்டை மறைக்க அதைவிடப் பெரிய பொட்டு வைப்பது பாதிப்பை விரிவாக்கும்.

குங்குமம்

மஞ்சளுடன் சுண்ணாம்பு சேரும்போது தோன்றும் சிவப்பே மரபான குங்குமத்தின் நிறம். மலிவான குங்குமத்தில் செயற்கைச் சாயங்களும், சிலவற்றில் ஈயமும் பாதரச சல்பைடும் கலக்கப்படுகின்றன. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், நியூ ஜெர்சியிலும் இந்தியாவிலும் வாங்கிய 118 குங்குமப் பொடி மாதிரிகளைச் சோதித்தனர். பெரும்பாலானவற்றில் ஈயம் அளவிடக்கூடிய நிலையில் இருந்தது. சிலவற்றில் மிக அதிகமாக இருந்தது.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கற்கும் திறனையும் அது பாதிக்கிறது. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தத்தையும் இரத்தசோகையையும் உண்டாக்குகிறது. குங்குமப் பொடி விரலில் ஒட்டி வாய்க்குச் செல்வதே முதன்மையான வழி. வகிட்டிலும் நெற்றியிலும் இட்ட பின் கை கழுவிவிட்டு உணவைத் தொடுங்கள். குழந்தைகள் குங்குமச் சிமிழை வைத்து விளையாட விடாதீர்கள். குளியலுக்கு உதிரியாக விற்கும் மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈய குரோமேட் கலப்பதுண்டு. விரலி மஞ்சளை வாங்கி இழைத்தோ அரைத்தோ பயன்படுத்துவது நல்லது.

கண்மை

சுர்மா எனப்படும் கண்பொடி சிலவற்றில் ஈய சல்பைடு முதன்மைப் பொருளாக உள்ளது. விளக்குப் புகையில் வீட்டிலேயே எடுக்கும் மையில் ஈயம் இருப்பதில்லை. எனினும் விரலால் கண்ணுக்குள் தீட்டும்போது நோய்த்தொற்றும் உராய்வும் ஏற்படும். கைக்குழந்தையின் கண்ணுக்குள் எந்த மையும் இட வேண்டாம். கண்ணேறு கழிய மை வைத்தே ஆகவேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் விரும்பினால், குழந்தையின் கை எட்டாத உள்ளங்காலில் சிறு பொட்டாக வைக்கலாம்.

4. தலைச்சாயமும் கருப்பு மருதாணியும்

கருமை தரும் பெரும்பாலான தலைச்சாயங்களில் பாரா ஃபீனிலீன் டையமின் என்ற வேதிப்பொருள் உள்ளது. பலர் ஆண்டுக்கணக்கில் பாதிப்பின்றிப் பயன்படுத்திய பிறகும் திடீரென ஒவ்வாமை ஏற்படலாம். நெற்றி, காது, கழுத்து ஓரங்களில் அரிப்பு, கொப்புளம், நீர் வடிதல், இமை வீக்கம் ஆகியவை அறிகுறிகள். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் அது வாழ்நாள் முழுவதும் தொடரும். நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்துவதால் பயனில்லை.

ஒவ்வொரு முறையும் சாயம் பூசுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன் காதின் பின்புறம் சிறிது தடவிப் பாருங்கள். புருவத்துக்கும் இமை முடிக்கும் ஒருபோதும் பூச வேண்டாம். திருமண வீடுகளில் வைக்கப்படும் 'கருப்பு மருதாணி'க் கோன்களிலும், சில மணித்துளிகளில் கருமையாகப் பிடிக்கும் கோன்களிலும் இதே வேதிப்பொருள் கலந்திருக்கலாம். அரைத்த மருதாணி இலை செம்பழுப்பு நிறமே தரும்; பிடிப்பதற்கும் நேரமாகும்.

தலைச்சாயம் வாய்வழி உள்ளே சென்றால் அது உயிருக்கு ஆபத்தான நெருக்கடி. சில மணி நேரத்துக்குள் முகமும் கழுத்தும் நாக்கும் வீங்கி மூச்சுக்குழல் அடைபடலாம். தசைகள் சிதைந்து, சிறுநீர் கரும்பழுப்பாக மாறி, சிறுநீரகம் செயலிழக்கலாம். எவ்வளவு சிறிய அளவாயினும் வாந்தி எடுக்க வைக்காமல், காத்திராமல், 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பொட்டலத்தை உடன் எடுத்து வாருங்கள். வீட்டில் சாயப் பொட்டலங்களைச் சேர்த்து வைக்காமல், தேவைப்படும்போது மட்டும் வாங்குங்கள். பூட்டிய இடத்தில் வையுங்கள். குடும்பத்தில் எவரேனும் வாழ்வில் வெறுப்புற்றுப் பேசினால் அதைப் பொருட்படுத்துங்கள். 104, 14416 ஆகிய எண்களில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கும்.

5. கவனிக்க வேண்டிய பிற பொருள்கள்

• டால்கம் பவுடர்: கைக்குழந்தைக்குப் பவுடர் தேவையில்லை. அதன் துகள்கள் நுரையீரலுக்குள் சென்று மூச்சுத்திணறலை உண்டாக்கலாம். உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் டால்க்கை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' என்று கருதப்படும் 2ஏ பிரிவில் வகைப்படுத்தியது. பெண்கள் பிறப்புறுப்புப் பகுதியில் பவுடர் இடுவதைத் தவிர்க்க வேண்டும்.
• முடியை நேராக்கும் திரவங்கள்: சிலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு வெளிப்பட்டுக் கண், மூக்கு, தொண்டையில் எரிச்சல் தரும். கிளையாக்ஸைலிக் அமிலம் கலந்தவற்றைப் பயன்படுத்திய சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது.
• நகப்பூச்சு: காற்றோட்டமுள்ள இடத்தில் பூசுங்கள். அதன் கரைப்பான்களின் ஆவி தலைவலியும் மயக்கமும் தரலாம்.
• வாசனைத் திரவியங்கள்: அக்குள், கழுத்துப் பகுதியில் தடிப்பு வந்தால் 'வாசனை சேர்க்காதது' என்று குறித்த பொருளுக்கு மாறுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் அறையில் தெளிக்க வேண்டாம்.

6. பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழிலில் இருப்போருக்கு

இத்தொழில்களில் உள்ளோர் வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள், பேரியம் உப்புகள், அச்சு மை, கரைப்பான்கள் போன்றவற்றை நாள்தோறும் கையாள்கின்றனர். கந்தகத் தூள் தோலையும் கண்ணையும் உறுத்தும். பேரியம் உப்பு படிந்த கையுடன் உணவு உட்கொண்டால் வயிற்றுப்போக்கும் தசைத் தளர்ச்சியும் ஏற்படலாம். வெயிலும் வியர்வையும் தூளும் சேர்ந்து முகத்தில் கருமை படர்வதும் மங்கு தோன்றுவதும் இயல்பு. அந்தக் கருமையைப் போக்கவே பலர் முதன்முதலாகச் சிவப்பழகு க்ரீமை நாடுகின்றனர். பின்வருவனவற்றைக் கடைப்பிடியுங்கள்.

• வேலை முடிந்ததும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை, முகம், கழுத்தைக் கழுவிய பிறகே க்ரீம், பொட்டு, மை ஆகியவற்றைத் தொடுங்கள்.
• அச்சு மையைப் போக்க மண்ணெண்ணெய், தின்னர் கொண்டு கை கழுவ வேண்டாம். அவை தோலின் எண்ணெய்ப் பசையை நீக்கி வெடிப்பை உண்டாக்கும். தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்துவிட்டுச் சோப்பால் கழுவுங்கள்.
• வெடிப்புள்ள கைகளுக்கு இரவில் வாசனை சேர்க்காத வாஸ்லின் அல்லது தேங்காய் எண்ணெய் போதும்.
• நகப்பூச்சும் ஸ்பிரே வகை வாசனைத் திரவியங்களும் எளிதில் தீப்பற்றக்கூடியவை. அவற்றைப் பட்டாசு ஆலைக்குள் கொண்டு செல்லாதீர்கள்.
• வேலை உடையைத் தனியாகத் துவையுங்கள். உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.
• வெயிலில் நடக்கும்போது குடை, முந்தானை, தலைத்துணி ஆகியவற்றைப் பயன்படுத்துங்கள். மங்கு மேலும் கருக்காமல் தடுக்க இதுவே முதல் மருந்து.

7. வினா – விடை

பல மாதங்களாகப் பூசுகிறேன். எந்தத் தொல்லையும் இல்லை. தொடரலாமா?
பெயர், முகவரி, உரிம எண் இல்லாத க்ரீமாயின் இன்றே நிறுத்திவிடுங்கள். தொடக்க நிலையில் சிறுநீரகப் பாதிப்பு வெளியே தெரியாது. ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்த அழுத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

'மூலிகை', 'ஆயுர்வேதம்' என்று எழுதியுள்ளது. பாதுகாப்பானதுதானே?
அச்சொல் மட்டும் உறுதி தராது. மூலிகை என்ற பெயரில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்து விற்கப்படுவதுண்டு. உரிம எண்ணையும் உட்பொருள் பட்டியலையும் பாருங்கள்.

மங்குக்குச் சிகிச்சையே இல்லையா?
உண்டு. வெயில் காப்பும் தோல் மருத்துவர் தரும் மருந்துகளும் பல மாதங்களில் நல்ல பலன் தரும். கருவுற்ற காலத்திலும் கருத்தடை மாத்திரை உட்கொள்ளும்போதும் மங்கு கூடலாம் என்பதால் அவ்விவரங்களையும் மருத்துவரிடம் கூறுங்கள். பிறவி நிறத்தை மாற்றும் பாதுகாப்பான மருந்து எதுவும் இல்லை. அந்நிறம் நோயும் அன்று. கருமையான தோல் வெயிலின் கேட்டிலிருந்து நம்மைக் கூடுதலாகக் காக்கிறது.

என் மகள் பெண் பார்க்கும் நாளுக்காக இத்தகைய க்ரீமை மறைத்துப் பயன்படுத்துகிறாள். என்ன செய்வது?
கடிந்துகொண்டால் மறைப்பது கூடும். இந்தப் பக்கத்தை அவரிடம் படிக்கக் கொடுங்கள். டப்பாவுடன் அவரை மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். வீட்டில் நிறத்தைப் பற்றிய கேலியும் ஒப்பீடும் நிற்பது, எந்த அறிவுரையைவிடவும் அவருக்கு உதவும்.

மீதமுள்ள க்ரீமை என்ன செய்வது?
இறுக மூடி, பிளாஸ்டிக் பையிலிட்டுக் கட்டி வையுங்கள். வேறு எவருக்கும் தர வேண்டாம், எரிக்க வேண்டாம், சாக்கடையில் ஊற்ற வேண்டாம். மருத்துவரிடமோ மருந்து ஆய்வாளரிடமோ காட்டிய பின் அவர்கள் கூறுவதுபோல் அகற்றுங்கள். க்ரீம் படிந்த துண்டுகளையும் தலையணை உறைகளையும் தனியாகத் துவையுங்கள்.

8. உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

• சாயம் அல்லது அழகுப் பொருள் பூசிய பின் முகம், உதடு, நாக்கு வீங்குதல், மூச்சுத்திணறல்
• எந்த அழகுப் பொருளையேனும் குழந்தை விழுங்கிவிடுதல்
• வீக்கத்துடன் சிறுநீர் வெகுவாகக் குறைதல் அல்லது கரும்பழுப்பாக வெளியேறுதல்
• வீக்கம் உள்ளவருக்குக் கடும் தலைவலி, வலிப்பு, பார்வைக் குறைவு, ஒரு காலில் மட்டும் வலியுடன் வீக்கம், திடீர் நெஞ்சுவலி
• கண்ணில் வேதிப்பொருள் படுதல். தூய தண்ணீரால் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவிக்கொண்டே புறப்படுங்கள்.

9. எங்கே அணுகலாம்?

முதற்கட்டப் பரிசோதனைக்கு உங்கள் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் செல்லலாம். மேல்சிகிச்சைக்கு விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும் உள்ளன. இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளர்களும் குடும்பத்தாரும் சிவகாசி இ.எஸ்.ஐ. மருத்துவமனையை அணுகலாம். பொதுவான ஐயங்களுக்கு 104, அவசர ஊர்திக்கு 108.

உரிமம் இல்லாத க்ரீம் விற்கப்படுவதைக் கண்டால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடமோ மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமோ புகார் அளியுங்கள். மருந்துப் பூச்சுகளால் ஏற்பட்ட பாதிப்புகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். கோட்டக்கல்லில் ஒருவர் பின் ஒருவராக வந்த நோயாளிகள் தாம் பூசிய க்ரீமைப் பற்றிக் கூறியதால்தான் காரணம் வெளிப்பட்டது. நீங்கள் கொண்டுவரும் டப்பாவும் உங்களைப் போன்ற பலரின் சிறுநீரகத்தைக் காக்கக்கூடும்.

இப்பக்கம் பொதுவான தகவலுக்கானது. உங்கள் உடல்நிலைக்கு ஏற்ற சிகிச்சையை மருத்துவரை நேரில் கண்டு பெறுங்கள்.